வாடகைக்கு விடும் வீட்டில் இரட்டை இன்டக்‌ஷன் அடுப்பு

சிங்கப்பூரில் வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், குழாய் எரிவாயு அடுப்புக்குப் பதிலாக மேடைமேல் வைக்கும் இரட்டை இன்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வைத்தோம். குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் சமைத்துப் பார்த்துச் சொன்னவற்றைக் கொண்டு எழுதும் மதிப்பீடு இது.

உரிமையாளருக்கு இந்த அடுப்பு வசதிதான். குழாய் எரிவாயு என்றால், ஆள் மாறும்போதெல்லாம் புதிதாக வருபவர் எரிவாயுக் கணக்கு தொடங்க வேண்டும். அடுப்பைப் பொருத்தவும் உரிமம் பெற்றவரே வரவேண்டும். இன்டக்‌ஷன் அடுப்புக்கோ மூன்று முள் பிளக் போதும். பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

சமைப்பவருக்கு நிலைமை வேறு. சுவரில் உள்ள பிளக் பாயின்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட், தாங்கும். இரண்டு அடுப்பும் அந்த ஒரே அளவைப் பங்குபோட்டுக்கொள்வதால், ஒன்றில் தோசைக்கல்லை வைத்து 2,000 வாட்டுக்கு ஏற்றியதுமே, மற்றொன்றில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அடங்கிவிடுகிறது. எங்களுக்கு விற்ற கடையில் இதைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. குறைந்த சூட்டில் வைத்தால் அடுப்பு விட்டுவிட்டு இயங்குகிறது. சற்று நேரம் அசையாமல் கிடந்துவிட்டுத் திடீரென்று பொங்கியெழும் பாலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

பாத்திரங்களும் ஒரு சிக்கல். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் இதில் சூடேறாது என்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய இட்லிப் பானையும் மண்சட்டியும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. இரும்புத் தோசைக்கல் சூடாகும். ஆனால் அடுப்புக்குள் இருந்து சூடேற்றும் கம்பிச்சுருளைவிடக் கல் அகலமாக இருப்பதால், நடுவில் முறுகும் தோசை ஓரத்தில் வெளிறியே நிற்கிறது.

வெந்நீர் வைப்பதிலும், துடைத்துச் சுத்தம் செய்வதிலும் இதை மிஞ்ச முடியாது என்பதால், சோற்றுக்கு ரைஸ் குக்கரை நம்பி, ஒரு குழம்போடு முடித்துக்கொள்ளும் தனியாட்களுக்கோ மாணவர்களுக்கோ விடும் வீடென்றால் தாராளமாக வாங்கலாம். குடும்பத்துக்கு விடுவதாக இருந்தால் எரிவாயு அடுப்பே மேல். மின்னடுப்புதான் வேண்டுமென்பவர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி மின்சுற்று இழுத்து, மேடையில் பதிக்கும் வகையைப் பொருத்தலாம். செலவு கூடும், ஆனால் சாம்பார் அடங்காது. எந்த வகையானாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் கண்ணாடிப் பரப்பைப் படமெடுத்து ஒப்பந்தத்தின் பொருட்பட்டியலோடு இணைத்துவிடுங்கள். தோசைக்கல்லை இழுத்து நகர்த்தினால் விழும் கீறல், முன்பணத்தைத் திருப்பித் தரும்போது வாக்குவாதமாகிவிடும்.