தூள் அரைக்கிற எனக்கு வணிகப் பள்ளி எதற்கு? ஒன்பது மாதம் படித்துவிட்டு எழுதுகிறேன்

ஐரோப்பாவில் உள்ள ஒரு பல்கலைக்கழக வணிகப் பள்ளி நடத்தும் சான்றிதழ்ப் படிப்பு இது. சர்வதேச வணிகம் பாதி, பொறுப்புள்ள தலைமைத்துவம் பாதி. ஒன்பது மாதம், முழுக்க ஒன்லைனில், ஆங்கிலத்தில். போன வருசம் சித்திரையில் தொடங்கி மார்கழியில் முடித்தேன். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. அந்தக் குறைகளை அவர்களுக்கே நேரடியாக எழுதி அனுப்பியும் விட்டேன். இப்படி ஒன்றைப் படிக்கலாமா என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் கேட்டபடி இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் வட்டக்கச்சி. 14 பெண்கள் சேர்ந்து வறுத்த மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா செய்கிறோம். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் வேலை. 2008 இல் உயர்தரம் எழுதவேண்டிய நான் எழுதியது 2011 இல். பல்கலைக்கழகம் போகக் கிடைக்கவில்லை. இந்தப் படிப்புக்குப் பட்டம் இல்லாவிட்டாலும் வேலை அனுபவம் காட்டினால் எடுக்கிறார்கள். பாதிக் கட்டணம் புலமைப்பரிசிலில் கழிந்தது. மிச்சம் 850 யூரோ, எங்கள் காசில் மூன்று லட்சத்துக்குக் கிட்ட. சீட்டு எடுத்துத்தான் கட்டினேன்.

வகுப்பு அவர்களுக்கு மாலை ஆறரை, எங்களுக்கு இரவு பத்து மணி. ஐப்பசியில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள், அதற்குப் பிறகு எங்களுக்குப் பதினொரு மணி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கிழமை பத்து மணிக்கே லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தேன். காலையில் ஐந்து மணிக்கு எழும்புகிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சேருகிறவர்கள் வீட்டில் முதலே கதைத்துவிட்டுச் சேருங்கள்.

வணிகப் பாதியைப் பற்றி எனக்கு நல்லதே சொல்ல இருக்கிறது. பாரிஸில் லாச்சப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வருசத்தில் இரண்டு தடவை தூள் அனுப்புகிறோம். முதல் இரண்டு தடவையும் நட்டம். ஏன் நட்டம் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. தூள் நல்ல விலைக்குத்தான் போனது, கணக்கை மூடினால் காசு இல்லை. நான்காவது வாரம் இன்கோடேர்ம்ஸ் பாடம் வந்தது. வாங்குகிறவரும் விற்கிறவரும் எந்தச் செலவு யாருக்கு, பொருள் எந்த இடத்தில் கைமாறுகிறது என்று ஒரே சொல்லில் பேசிக்கொள்ளும் உலகப் பொது விதிகள் அவை. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் இருக்கின்றன. எங்கள் பழைய இன்வொய்ஸை எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் அனுப்பிய மாதிரியை அப்படியே பிரதி எடுத்திருந்தோம். அதில் மூலையில் டி.டி.பி. என்று மூன்று எழுத்து. கப்பல் கூலி, அங்கே கட்டுகிற வரி, கடைவாசல் வரைக்கும் வான் கூலி எல்லாமே விற்கிறவர் தலையில் என்பதுதான் அதன் அர்த்தம். இரண்டு தடவையும் நாங்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

விரிவுரையாளர் இதை வெறும் அட்டவணையாகப் படிப்பித்துவிட்டுப் போகவில்லை. அந்த விதிகளில் இன்னொன்றான எஃப்.ஓ.பி. என்று போட்டால் போதுமே என்று நான் கேட்டதற்கு, கொன்டெய்னரில் போகும் சரக்கு கப்பலில் ஏறும் முன் துறைமுக முற்றத்தில் கிடக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார். எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏறும் வரைக்கும் எங்கள் பொறுப்பு. எங்களைப் போலக் கொஞ்சமாக அனுப்புகிறவர்களுக்கு எஃப்.சி.ஏ. என்ற விதி நல்லது என்றார். ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிசெய்து, கொழும்பில் கப்பல் முகவரின் களஞ்சியத்தில் ஒப்படைத்தால் அதோடு எங்கள் பொறுப்பு முடிகிறது. மூன்றாவது தடவை அப்படித்தான் எழுதினோம். கடைக்காரர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, பிறகு ஒத்துக்கொண்டார். கட்டணத்தில் அரைவாசி அந்த ஒரு சரக்கிலேயே திரும்பி வந்தது.

இன்னொரு வகுப்பு. 2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைத் தட்டுகளில் இருந்து அள்ளி எடுத்தார்கள். சூடான் 1 என்ற சாயம்தான் காரணம். சப்பாத்து மினுக்கிக்கும் மெழுகுக்கும் நிறம் கொடுக்கிற பொருள், உணவில் போடத் தடை. அது கலந்த மிளகாய்த்தூள் ஒரு வூஸ்டர் சோஸுக்குள் போயிருந்தது, அந்தச் சோஸ் எத்தனையோ சமைத்த உணவுகளுக்குள் போயிருந்தது. யார் பொறுப்பு என்று குழுக்களாகப் பிரித்து வாதிடவிட்டார். ஜெர்மன்காரர், பிரேசில்காரர் எல்லாரும் சோஸ் கொம்பனியைப் பற்றித்தான் கதைத்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் கடைக்காரரும் "இன்னும் கொஞ்சம் சிவப்பாக வராதோ" என்று கேட்டிருக்கிறார். வறுத்த தூள் இருண்ட மண்ணிறத்தில்தான் வரும், அதுதான் அதன் இயல்பு. அப்படிக் கேட்கிற ஒரு வாய்ச்சொல்லில் இருந்துதான் சாயப் பைக்கற் ஒரு மில்லுக்குள் வருகிறது என்று அன்றைக்கு ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. அடுத்த நாள் கடைக்காரருக்கு, எங்கள் தூளின் நிறம் இதுதான், மாறாது என்று எழுதினேன்.

அஃப்லாடொக்சின் பற்றியும் அங்கேதான் முழுதாக விளங்கியது. ஈரம் காயாத செத்தலில் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு உள்ள வரம்பு, பி1 வகைக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 10. ஐப்பசி, கார்த்திகை மழையில் படங்கில் காயப்போட்டு, இருட்டினதும் சுருட்டி, காலையில் விரித்து எடுக்கிற செத்தலை இனி அந்த மாதங்களில் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். நாணய மாற்று பற்றிய பாடம் எனக்குப் புதிதாக ஒன்றும் தரவில்லை. 2022 இல் இருநூறு ரூபாய் டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபதுக்குப் போனதை நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றபடி படித்து முடித்துவிட்டோம்.

இனித் தலைமைத்துவப் பாதி. பள்ளியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்னம் இருக்கிறது: பொறுப்புள்ள முகாமைத்துவக் கல்விக்கான கோட்பாடுகள். ஐநாவின் ஆதரவோடு 2007 இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட முயற்சி. லாபம் பார்ப்பதை மட்டும் படிப்பிக்காமல் மனிதரையும் மண்ணையும் பார்க்கப் படிப்பிப்போம் என்று வணிகப் பள்ளிகள் கையெழுத்திடுகின்றன. ஜெனீவா என்றதும் எனக்கு வேறு ஞாபகம். எங்கள் ஊரில் பொறுப்புக்கூறல் என்ற சொல்லை ஐநா மனித உரிமைச் சபை கூடுகிற ஜெனீவாச் செய்திகளில்தான் கேட்டுப் பழக்கம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் குந்தியிருந்து கேட்டதும் அதைத்தான். பிள்ளை எங்கே என்று கேட்டால் யாராவது பதில் சொல்லவேண்டும். அந்தச் சொல்லை ஒரு வணிக வகுப்பில் கேட்கும்போது லேசாக எடுக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பாடத்தை எடுத்த மெடம் அதை லேசாக எடுக்கவும் இல்லை. உங்கள் தொழிலை நடுவில் எழுதி, சம்பந்தப்பட்ட எல்லாரையும் சுற்றிவர வட்டம் போட்டு வரையுங்கள் என்றார். தோட்டக்காரர், மில்காரர், லொறிக்காரர், கடைக்காரர், வங்கி, எங்கள் 14 பேர் எல்லாரையும் போட்டேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் படத்தில், உங்களைக் கேள்வி கேட்க வழியில்லாதவர் யார்?"

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் தூள் வறுக்கிற கொட்டிலுக்குள் நின்றபோது விடை கண்ணெதிரே இருந்தது. விறகடுப்பில் பெரிய தாச்சி, செத்தல் கருகும் கட்டத்துக்குப் போகாமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தக் காரப் புகைக்கு வீதியால் சைக்கிளில் போகிறவரும் இருமுவார். கிண்டுகிறவ எங்கள் பெரியக்கா. கைப்பக்குவம் அவவுக்குத்தான் வரும் என்று ஆறு வருசமாக அவதான் வறுக்கிறா. சேலைத் தலைப்பை மூக்கில் கட்டியிருப்பா, ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு எடுப்பா. முட்டு வருத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அவவின் சுவாசத்துக்கு எங்கள் விலைப்பட்டியலில் ஒரு சதம்கூட நான் போட்டதில்லை.

"ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா வேலை வேண்டாமெண்டிடுவியளோ எண்டு பயம் பிள்ளை."

அந்தப் பதிலைத்தான் என் இறுதிக் கட்டுரையாக எழுதினேன். இப்போது அடுப்பு கொட்டிலுக்கு வெளியே, தகரப் புகைபோக்கியோடு. நாலு பேர் முறைவைத்து வறுக்கிறோம். அக்கா பக்கத்தில் கதிரையில் இருந்து பதம் சொல்லுறா, சம்பளம் அதேதான். கிலோவுக்கு 40 ரூபாய் கூட்டினோம், ஏன் என்று கடைக்காரருக்கு விளக்கமாக எழுதினேன். 25 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். இந்த ஒரு கேள்விக்காகவே அந்த மெடத்துக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

ரானா பிளாசா வகுப்பையும் சொல்லவேண்டும். 2013 ஏப்ரல் 24, பங்களாதேசில் சாவார். முதல் நாளே சுவரில் வெடிப்பு வந்து கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் பூட்டப்பட்டன, ஆடைத் தொழிலாளரை மட்டும் அடுத்த நாள் உள்ளே போகவைத்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். பாடம் முழுக்கப் பெரிய பிராண்டுகள் என்ன செய்திருக்கலாம் என்பதிலேயே போனது. போகாவிட்டால் மாதச் சம்பளம் இல்லை என்று மிரட்டப்பட்ட பிள்ளையின் இடத்தில் இருந்து பார்க்க அரை மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை. ஏ9 வீதியில் விடிய ஐந்தரைக்கு கார்மென்ட் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற எங்கள் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற எனக்கு இது பெரிய குறை. பாடங்கள் பெரும்பாலும் மேசையின் மேல்பக்கம் இருந்து எழுதப்பட்டவை.

எனக்கு உண்மையில் வலித்தது பள்ளியின் அலுவலகம். கார்த்திகை மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை, டவரும் வேலை செய்யவில்லை. ஒப்படை இரண்டு நாள் பிந்தியது, நாளுக்குப் பத்து வீதம் என்று இருபது புள்ளி தானாகவே வெட்டுப்பட்டது. காரணம் எழுதினேன். விதிமுறையைப் பார்க்கவும் என்று அச்சடித்தது போல ஒரு பதில் வந்தது. திரும்ப எழுதினேன், அதே பதில். இரண்டாம் தவணைக் கட்டணத்தில் இடையில் இருந்த வங்கி 25 யூரோ பிடித்துக்கொண்டதற்கு, அறிவிப்பே இல்லாமல் என்னைப் பாடத் தளத்தில் இருந்து பூட்டினார்கள். கேள்வி கேட்க வழியில்லாதவர் யார் என்று வகுப்பில் கேட்கிற பள்ளியில், என் கேள்வியைப் படிக்க ஒரு மனிதர் இருக்கவில்லை. மூன்றாவது கடிதத்தை மெடத்துக்கும் பிரதி போட்டு அனுப்பினேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு புள்ளி திரும்பி வந்தது. மன்னிப்பு என்று ஒரு வரி வரவில்லை.

யாருக்கு இது சரிவரும்? கையில் ஒரு பொருளும் வெளியில் ஒரு வாங்குநரும் இருக்கிறவர்களுக்கு. பாடம் ஒவ்வொன்றையும் அடுத்த நாளே உரசிப் பார்க்கலாம். பட்டம் வேண்டும் என்கிற பிள்ளைகள் முதலில் வவுனியா பம்பைமடுவில் இருக்கிற பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2021 ஓகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகம், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. ஏற்றுமதிப் பத்திர வேலை மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளை விசாரியுங்கள், மூன்று லட்சம் தேவையில்லை. வெளிநாட்டுப் பள்ளி என்று யார் விளம்பரம் போட்டாலும், வணிகப் படிப்புகளை மதிப்பிட்டுத் தராதரம் கொடுக்கிற ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், அம்பா இந்த மூன்றில் ஒன்றின் தராதரமாவது இருக்கிறதா என்று அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே தேடிப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். பணம் அனுப்பும்போது வங்கிக் கழிவு முழுவதும் எங்கள் கணக்கில் என்று படிவத்தில் அடையாளம் இட மறக்கவேண்டாம்.

என்னுடைய குறிப்புக் கொப்பிகள் மூன்று இருக்கின்றன, பாதி தமிழில் எழுதினவை. வட்டக்கச்சிக்கு வந்து இருந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம், உங்கள் பழைய இன்வொய்ஸ்களையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். செவ்வாயும் வெள்ளியும் தூள் வறுக்கிற நாட்கள், அந்த இரண்டு நாளும் வேண்டாம்.