கப்பல் இன்ஜின் பங்குகள்: பழம்பெரும் நிறுவனமா, புதிய நுட்பமா?

கப்பல் புகையைக் குறைக்கும் தொழில்நுட்பத்தில் பணம் போட நினைப்பவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டீசல் இன்ஜின்களில் வேரூன்றி, இப்போது மெத்தனாலுக்கும் அம்மோனியாவுக்கும் கிளை விடும் பெரிய நிறுவனம். மற்றொன்று, எரிபொருள் கலம் (ஹைட்ரஜன் போன்ற எரிபொருளை எரிக்காமல், வேதிவினையால் மின்சாரமாக்கும் சாதனம்) போன்ற ஒரே நுட்பத்தை நம்பி நிற்கும் சிறிய நிறுவனம். நான் வாங்கியது முதல் வகையைச் சேர்ந்த, பின்லாந்தின் வார்ட்சிலா பங்கு என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கப்பல் புகை விதிகள் இறுகுவது இரண்டுக்குமே சாதகம். அதை நீட்டி எழுதத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல்களின் கார்பன் உமிழ்வுக்கு விலை வைத்துவிட்டது. ஆனால் கப்பல் உமிழ்வை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவர சர்வதேச கடல்சார் அமைப்பு வகுத்த திட்டம் மீதான முடிவு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போனது. கையிருப்பைக் கரைத்துக் காலம் தள்ளும் சிறிய நிறுவனத்துக்கு இத்தகைய தாமதம் புதிய பங்கு வெளியீட்டில் கொண்டுபோய் விடலாம்; அப்போது பழைய பங்குதாரரின் பங்கு விகிதம் சுருங்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு வருமானம். இன்ஜின் ஒருமுறைதான் விற்கும். கப்பலோ 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஓடும். அத்தனை காலமும் பிஸ்டன் வளையம், எரிபொருள் இன்ஜெக்டர், வெளியேற்று வால்வு என்று உதிரி பாகங்களும் குறித்த மணி நேரம் ஓடியதும் பிரித்துச் சீரமைக்கும் ஓவர்ஹாலும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். வார்ட்சிலாவின் விற்பனையில் ஏறத்தாழ பாதி இத்தகைய சேவைகளிலிருந்துதான் வருகிறது. புதிய எரிபொருள்கள் இந்த வருமானத்தைக் கூட்டவே செய்யும் என்பது என் கணிப்பு. மெத்தனால் ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடுவதால், இன்ஜின் அறைக்குள் அதை இரட்டைச் சுவர்க் குழாயில்தான் கொண்டுசெல்ல வேண்டும். இரு சுவர்களுக்கு இடையே காற்றோட்டமும் கசிவறியும் உணரிகளும் இருக்க வேண்டும். அம்மோனியா நச்சு வாயு என்பதால் கெடுபிடி இன்னும் அதிகம். இந்த வேலைகளைத் துறைமுகத்தில் கிடைக்கும் எந்தப் பட்டறையிடமும் கப்பல் உரிமையாளர் ஒப்படைக்கத் துணியமாட்டார், தயாரித்தவரையே அழைப்பார்.

இந்தத் தேர்விலும் குறைகள் உண்டு. பெருங்கப்பல்களை உந்தும் டூ-ஸ்ட்ரோக் (பிஸ்டனின் இரு வீச்சில் ஒரு சுற்று முடியும்) இன்ஜின் வடிவமைப்பில் முன்னணியில் இருப்பவை எவர்லென்ஸும் வின்ஜிடியும். ஆனால் முன்னது ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பின்னது சீன அரசுக் கப்பல் கட்டும் நிறுவனத்துக்கும் சொந்தமானவை என்பதால் அவற்றைத் தனியே வாங்க வழியில்லை. வார்ட்சிலாவின் பலம் நான்கு வீச்சில் சுற்று முடியும் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களில்தான். அதோடு மின்நிலைய வணிகமும் கலந்திருப்பதால், இது கப்பலை மட்டும் நம்பிய முதலீடாகாது. எரிவாயுவில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் எரியாமல் நழுவும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவை விட 80 மடங்குக்கு மேல் வெப்பமூட்டுவது என்பதால், சூழல் நோக்கில் முதலிடுவோர் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

எரிபொருள் கலத்தில் எரிதலே இல்லை. தூய்மையில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆயினும் நார்வேயில் திரவ ஹைட்ரஜனில் ஓடும் ஹைட்ரா படகில் உள்ள கலங்கள் தலா 200 கிலோவாட் கொண்ட இரண்டுதான். பெரிய கொள்கலன் கப்பலின் இன்ஜினோ பல்லாயிரம் கிலோவாட். இத்தகைய பங்குகளை நான் வைத்திருந்ததில்லை. ஆண்டறிக்கை வாசிப்பை வைத்தே சொல்கிறேன். அவற்றில் ஒன்றின் சேவை வருமானம் தனி வரியாகக் காட்டும் அளவுக்கு வளர்ந்து, ஆண்டுதோறும் ஏறவும் தொடங்கினால், சிறு தொகையை அங்கே மாற்றத் தயங்கமாட்டேன்.