டிரம்மா, லிஃப்ட் பேகா? தண்ணிக்கடியில விழுந்த இன்ஜின தூக்க எது பெஸ்ட்

கடலூர் முதுநகர் பக்கம் போட் இன்ஜின் கழண்டு விழுந்தா மொதல்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது நீல பிளாஸ்டிக் டிரம்முதான். 200 லிட்டர் டிரம் முழுக்க காத்து இருந்தா அது தள்ளுற கடல்தண்ணி ஏறக்கொறைய 205 கிலோ, ஒரு சின்ன இன்ஜினுக்கு தாராளம், செலவும் கம்மி. ஆனா மூடிய இறுக்கிட்டு அப்படியே கீழ இழுத்துட்டு போகாதீங்கப்பா, 10 மீட்டர்லயே அழுத்தம் ரெண்டு மடங்கு, நசுங்கிடும். தண்ணி ரொப்பி முழுக்கி, வாய் கீழ பாக்குற மாதிரி கட்டிட்டு அப்பறம்தான் சிலிண்டர் காத்த விடணும்.

லிஃப்ட் பேக்னா தண்ணிக்கடியில காத்து ரொப்பி பொருள தூக்குற பை. அதோட அடி தொறந்தே இருக்கும், உச்சியில ஒரு வால்வு, அதுல கயிறு. இந்த கயிறுதான் மேட்டரே. 10 மீட்டர்ல பாதி ரொம்பின பை மேல வர வர காத்து விரிஞ்சு ஃபுல் ஆயிடும், தூக்குற பலமும் ஏறிக்கிட்டே போகும், அப்ப கயித்த இழுத்தா காத்து வெளியேறி வேகம் கொறையும். டிரம்ல அந்த பிரேக் இல்ல. அதுலயும் சேத்துல பொதஞ்சிருந்தா மொதல்ல அசையாது, நம்ம இன்னும் காத்து விடுவோம், படக்குனு விடுபட்டு ராக்கெட் மாதிரி கெளம்பும்.

ஆத்து முகத்துவாரத்துல, கொஞ்ச ஆழம்னா டிரம் போதும். வெளிக்கடல்னா வாடகைக்காவது பேக் எடுங்க. ரெண்டுலயும் நேர் மேல படக நிறுத்தாதீங்க.