கோவை மாநகராட்சிக் கணக்கு: தணிக்கை அறிக்கையா, தகவல் உரிமை மனுவா?

கோவையில் 100 வார்டு, ஐந்து மண்டலம். உங்கள் வீதியில் போட்ட தார் ரோட்டின் கணக்கைப் பார்க்க இரண்டு வழி.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ரசீது, பில், டெண்டர் கோப்பு, வரி வசூல் பதிவேடு என்று ஆண்டுக் கணக்கையே புரட்டும். விதி மீறிய செலவுக்குத் தடை, அதாவது தணிக்கை ஆட்சேபம், எழுதும். வரி பாக்கி, நேர் செய்யாத முன்பணம் போன்றவை வெளியாட்களுக்கு வேறு வழியில் எளிதில் தெரியாது. ஆனால் செலவு முடிந்த பிறகுதான் வருவார்கள். பதில் போகாத தடைகள் நிலுவையிலேயே கிடக்கும்.

ஒற்றை வேலைக்கு தகவல் உரிமை மனுதான் கூர்மை. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம்; பதிலுக்கு 30 நாள். 'ரோடு ஏன் மோசம்?' என்று கேட்டால் காகிதம் வீண். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல், இறுதி பில் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். எம்-புக்கில் உள்ள நீள அகலத்தை டேப் பிடித்து நீங்களே சரிபார்க்கலாம். கோளாறு ஒளிந்திருப்பது ரோட்டின் கனத்தில், அதாவது தடிமனில். அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) சான்றளித்த பொருள் மாதிரி பெறும் உரிமையைத் தருகிறது, கேட்பவர்தான் குறைவு. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

டவுன் பஸ் நட்டத்தை மாநகராட்சிக் கணக்கில் தேடாதீர்கள். போக்குவரத்துக் கழகம் மாநில அரசு நிறுவனம், அதன் தணிக்கை சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) பக்கம்.

ஒரு ரோடு, ஒரு சாக்கடை என்றால் மனு போதும். வரி, முன்பணம் என்றால் தணிக்கை அறிக்கையின் நகலையே மனுவில் கேட்டு வாங்கி, பத்தி எண்ணோடு பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) கவுன்சிலர் முன் வையுங்கள்.