பெண்டர் பிரிட்ஜும் அடங்காத மூன்றாம் கம்பியும்

போன வாரம் கோவை நண்பர் ஒருவர் கேட்டார்: “பாஸ், அந்த பெண்டர் பிரிட்ஜ் விலை இறங்கியிருக்கு, வாங்கிடட்டுமா?” (பிரிட்ஜ் என்பது கம்பிகளின் வால்பக்கம் உட்காரும் உலோகத் தாங்கி. இதில் லீவர்கள் உண்டு, ஒன்றை அழுத்தினால் ஒரு கம்பியின் சுருதி மட்டும் ஏறும்.) கேட்ட நேரம் சரியில்லை. அரை மணி முன்புதான் என் லாப் ஸ்டீலில் (மடியில் கிடத்தி வாசிக்கும் கிடார்) மூன்றாம் கம்பி நாலாவது தடவையாக அறுந்திருந்தது. அதுவும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், பிரிட்ஜில் கம்பி வளையும் முனையில். அப்போது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

இந்த வாத்தியத்தில் இரும்பு பார் ஆறு கம்பிகள் மீதும் ஒன்றாகப் படுத்திருக்கும். நகர்த்தினால் ஆறும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வீணையில் ஒரு தந்தியை மட்டும் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கிறோமே, அந்த வசதி இங்கே கிடையாது. பாரைச் சாய்க்கலாம், பாருக்குப் பின்னால் கம்பியை விரலால் இழுக்கலாம். இரண்டையும் வருஷக்கணக்கில் பழகியும் எனக்குச் சுமாராகத்தான் வந்தது. இதற்கிடையில் இங்கே ஆஸ்டினில், 1964 முதல் நடக்கும் புரோக்கன் ஸ்போக் நடனக்கூடத்தில், பெடல் ஸ்டீல்காரர் (இதே வாத்தியம், சுருதி மாற்றக் காலடியில் பெடல்களோடு) பெடலை ஒரு மிதி மிதிப்பார். ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) அப்படியே உருகி இன்னொன்றாக மாறும். 1954ல் பட் ஐசக்ஸ் என்ற பெடல் ஸ்டீல்காரர் வானொலியில் இதைக் கேட்க வைத்ததும், பெடல் இல்லாத ஸ்டீல்காரர்கள் பாடு திண்டாட்டமானதாம். எனக்கு எழுபது வருஷம் தாமதமாக அதே வயிற்றெரிச்சல்.

என் ட்யூனிங் ஓப்பன் ஈ, தடித்த கம்பியிலிருந்து: ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. கம்பி எண்ணுவது மட்டும் மெல்லிய பக்கத்திலிருந்து. பெண்டர் பிரிட்ஜில் ஒரு லீவர் இரண்டாம் கம்பியின் பி-யை சி ஷார்ப்புக்கு ஏற்றும். இன்னொன்று மூன்றாம் கம்பியின் ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றும். பெடல் ஸ்டீலின் முதல் இரண்டு பெடல்கள் செய்வதும் இதேதான். முதல் லீவர் மட்டும் என்றால் மெல்லிய நாலு கம்பிகளில் சி ஷார்ப் மைனர் கார்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பார் இருந்த இடத்திலேயே இருக்க, ஏ மேஜர். முதல் தடவை அது சரியாக விழுந்த இரவு ஒன்றரை மணி வரை அந்த ஒரே மாற்றத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டியதுதான் மிச்சம்.

மாட்டிய கதை சுருக்கமாக. நாலு ஸ்க்ரூதானே என்று நானே ட்ரில் எடுத்தேன். பிரிட்ஜ் 3 மில்லிமீட்டர் பின்னால் போய்விட்டது. சாதாரண கிடாராக இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) நகர்த்திச் சமாளிக்கலாம். இதில் ஃப்ரெட் என்பதே பலகையில் வரைந்த கோடு. இருபத்திரண்டரை அங்குல ஸ்கேலில் (கம்பி ஒலிக்கும் நீளம்) பன்னிரண்டாவது கோடு ஒன்றரை மில்லிமீட்டர் பொய் சொல்லும், அதாவது அரைச் சுரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பழைய துளைகளைப் பல்குச்சியும் பசையும் வைத்து அடைத்து மறுபடி துளைத்தேன். எர்த் ஒயரையும் பிரிட்ஜுக்கு அடியில் வைக்க மறந்திருந்தேன். கம்பியைத் தொட்டாலும் ‘ம்ம்’ இரைச்சல் நிற்காமல், ஒயர் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்கியபோதுதான் உறைத்தது. இதெல்லாம் என் தப்பு, பிரிட்ஜைச் சொல்லிப் பயனில்லை.

மூன்றாம் கம்பி விஷயம் வேறு. லீவரை விட்டதும் அது பழைய சுருதிக்கு வருவதில்லை. நாலைந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே நின்றுவிடும். காரணம் நட்டில் இருக்கிறது (போல்ட்டுக்கு மாட்டும் நட் இல்லை, தலைப்பக்கம் கம்பி உட்காரும் மேடு). பிரிட்ஜ் பக்கம் இழுக்கும்போது தலைப்பக்கக் கம்பியும் கொஞ்சம் இந்தப் பக்கம் வழுக்கி வரும். விடும்போது உராய்வு அதை முழுசாகத் திரும்ப விடாது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தேன், முறுக்காணியில் சுற்றுகளைக் குறைத்தேன். பாதி குணம். மீதிப் பாதிதான் மானத்தை வாங்குகிறது.

அப்புறம் கம்பியின் தடிமன். சுருள் சுற்றிய 22 (அங்குலத்தில் ஆயிரத்தில் 22 பங்கு) போட்டால் லீவரை ஒரு மைல் அழுத்த வேண்டும். சுருளில்லாத 20 போட்டால் லேசாகத் தொட்டாலே ஏறிவிடும், ஆனால் அறுந்துபோகிறது. பிரிட்ஜில் அந்த முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு பிசிறு. இந்த விலைக்கு விற்கிறவர்கள் அதை இழைத்துக் கொடுத்திருக்கக் கூடாதா? மிக மெல்லிய உப்புத்தாளால் நானே இழைத்தேன். அதற்கு முன் சில வாரங்களிலேயே அறுந்துகொண்டிருந்த கம்பி அதற்கப்புறம் ஐந்து மாதம் தாங்கியது, இதையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து மாதம் முடிந்த நாளில்தான் நண்பர் கேட்டார்.

இன்னொன்று, ட்யூனரை நம்பி லீவர் நிற்கும் இடத்தை வைக்காதீர்கள். சி ஷார்ப் அங்கே ஏ கார்டின் மூன்றாம் சுரம். ட்யூனர் பச்சை காட்டும் இடத்திலிருந்து 14 சென்ட் இறக்கினால்தான் காதுக்கு இனிக்கும். இது தெரியாமல் நான் மூன்று மாதம் பிரிட்ஜைத் திட்டியிருக்கிறேன்.

சரி, வாங்கலாமா? இதைப்போல என் வாசிப்பை மாற்றிய சாமான் வேறு எதுவும் இல்லை. கழற்றிவிட்டுப் பழைய பிரிட்ஜைப் போடுவேனா என்றால் மாட்டேன். ஆனால் நண்பரே, வாங்காதீர்கள். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் 20 நம்பர் கம்பியில் ஒரு டஜனையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். என்னிடம் இப்போது ஒன்றுகூட இல்லை.