மண்செடியை நீர்ச்செடி என்று விற்கிறார்கள், கவனம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குச் செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் வேண்டாம். அதே செடிகளை வேறு இரண்டு கடைகளிலும் பார்த்தேன்.

வீட்டில் 2 அடித் தொட்டி, ஏறக்குறைய 55 லிட்டர், ஒரு டஜன் கப்பி மீன். பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு உயிர்ச்செடி வைக்க ஆசை. கடைக்காரத் தம்பி ஆறு செடிகளை எடுத்துக் கொடுத்தார். "எல்லாமே அக்வாட்டிக் சார், தண்ணிக்குள்ளயே வளரும்." கூடவே 1,800 ரூபாய்க்கு ஒரு 'பிளான்ட் லைட்'. அட்டையில் 36 வாட்.

பத்து நாளில் இலைகள் தொய்ந்தன. போன் போட்டால், "மெல்ட் ஆகும் சார், அப்புறம் புது இலை வரும்." பாதி உண்மை என்பதுதான் இதில் வில்லங்கம். கிரிப்டோகோரின் மாதிரி நிஜ நீர்ச்செடிகளை நர்சரியில் இலை தண்ணீருக்கு வெளியே இருக்கும்படிதான் பெரும்பாலும் வளர்ப்பார்கள். தொட்டிக்குள் வைத்ததும் பழைய இலை கரைந்து புது இலை வரும். ஆனால் வேரும் குருத்தும் கெட்டியாக இருக்கும். என் தொட்டியில் தண்டே வெந்த வெண்டைக்காய் மாதிரி நசுங்கியது. முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். நம்பி இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தது என் முட்டாள்தனம். அழுகலில் அம்மோனியா ஏறி, கப்பிகள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. நான்கு செத்துப்போயின.

விசாரித்ததில் தெரிந்தது: வாங்கியதில் ஒன்று லக்கி பாம்பூ, ஒன்று மோண்டோ கிராஸ், ஊதா இலைக்காரி ஹெமிகிராஃபிஸ். மூன்றும் தரையில் வளர்பவை. லக்கி பாம்பூவுக்கு வேர் நனைந்தால் போதும், தலை வெளியே இருக்க வேண்டும்.

விளக்கை, எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் பிளக் மீட்டரில் போட்டுப் பார்த்தேன்: 9 வாட். பெரும்பாலும் நீல பல்புகள். நீல வெளிச்சத்தில் மீன் ஜொலிக்கும். இலை பச்சையா பழுப்பா என்றே தெரியாது. அழுகியது எனக்குத் தாமதமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடையிலும் அதே விளக்குதான் எரிகிறது. செடியைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

இப்போது எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய சாதாரண 2 அடி எல்.இ.டி. டியூப்தான்: 10 வாட், 6500 கெல்வின் (பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம்), தினம் எட்டு மணி நேரம். செடிகளும் நிஜ நீர்ச்செடிகள்: வேலிஸ்னேரியா பக்கக்கன்று விடுகிறது. ஜாவா ஃபெர்னை மரக்கட்டையில் நூலால் கட்டியிருக்கிறேன். அதன் கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

இன்னொன்று, நீருக்குள்ளேயே வளர்ந்த செடியை வெளியே தூக்கினால் பெரும்பாலும் ஈரத்துணி மாதிரி தொங்கும். விறைப்பாக நின்றால் பெயரைக் கேளுங்கள். அனுபியாஸ் என்ற நீர்ச்செடி விறைப்பாகத்தான் இருக்கும், நர்சரிச் செடியும் அப்படி நிற்கலாம். அதனால்தான் பெயர் முக்கியம். பில்லில் எழுதி வாங்குங்கள்.

என் பில்லில் 'செடி 6 - 480' என்று மட்டும்தான் இருந்தது. கொண்டுபோய் நீட்டினேன். தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அக்வாட்டிக்னு எங்க சார் போட்டிருக்கு?" என்றார்.