அரையாண்டு லீவில் பனிச்சறுக்கு: குல்மார்க்கா, அவுலியா, மணாலியா?

கோவை, திருப்பூர் பக்கம் குடும்பத்தோடும் சிநேகிதர்களோடும் குளிர்காலத்தில் சேர்ந்தாற்போல நாலு நாள் கிடைப்பது இரண்டே தடவை. ஒன்று அரையாண்டு லீவு, இன்னொன்று பொங்கல். அதனால் அடிப்படைப் பயிற்சி முடித்து, ஸ்கீயில் வளைந்து திரும்பவும் நிற்கவும் பழகிவிட்டவர்கள் வருஷா வருஷம் கேட்பது இதுதான்: "டிசம்பர்லயே போலாமுங்களா? கூட்டம் இல்லாத பக்கமா நாமளே ஏறி இறங்கலாமுங்களா?" போகலாம். ஆனால் டிசம்பரில் மலையின் உயரத்தையும் பேரையும் வைத்து இடம் பிடிக்க முடியாது. பனிக்கு அடியில் கிடப்பது புல்லா, பாறையா, பழைய பனியா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இந்த அலசல் உங்களுக்கு இல்லை. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஜனவரிக்கு மேல்தான், அப்போதே போங்கள்.

முதலில் காஷ்மீரின் குல்மார்க். ஊர் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்கிற ரோப்காரின் முதல் கட்டம் கொங்டூரியில் ஏறத்தாழ 3,080 மீட்டரிலும், இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத்தோளில் 3,950 மீட்டருக்குப் பக்கத்திலும் கொண்டுபோய் விடும். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நேரத்தில் அங்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சலனங்கள் பனி கொட்டத் தொடங்கும். டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். ஆக, நம் லீவு விழுவது அதன் முதல் வாரத்தில். மூன்று இடங்களில் டிசம்பரில் பனி கிடைக்க அதிக வாய்ப்பு இங்கேதான். சிக்கலும் இங்கேதான் அதிகம்.

"பனி கம்மியாத்தானே இருக்கு, சரிஞ்சா என்ன ஆயிடப்போகுது?" என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விஷயம் தலைகீழ். பனிக்கு அடியில் தரை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே ராத்திரிக் காற்று மைனஸ் பத்து, பதினைந்துக்குப் போகும். பனி ஒன்றரை மீட்டர் இருந்தால் இந்த வித்தியாசம் பரவிக்கொள்ளும். நாற்பது சென்டிமீட்டர்தான் இருந்தால் அந்தச் சின்னக் கனத்துக்குள்ளேயே அத்தனையும் அடங்க வேண்டும். அப்போது அடியிலிருந்து ஆவி மேலே ஏறி, பனிக்குருணைகளை ஒன்றோடொன்று ஒட்டாத கோணல் படிகங்களாக மாற்றிவிடும். மண்வெட்டியால் ஒரு குழி வெட்டி, கையுறையைக் கழற்றி அடிப்பனியை அள்ளிப் பாருங்கள். உருண்டை பிடிக்க வராது. அஸ்கா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும். அதன் மேல் அடுத்த பெரும்பனி விழுந்து காற்றில் இறுகினால், உதிரி மேல் பலகை வைத்த நிலைதான். ஏறும்போது காலடியில் 'வும்ஃப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால் அந்தச் சரிவோடு பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். அஃபர்வட்டின் அகன்ற கிண்ணப் பள்ளங்கள் பல அந்தச் சாய்வில்தான் இருக்கின்றன. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே இரண்டு போலந்துக்காரர்களும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் இறந்தார்கள். வேறு கணக்கும் உண்டு: கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். காலையில் பீளமேட்டில் விமானம் ஏறி, அடுத்த நாள் 3,950 மீட்டரில் இறங்கினால் தலைவலியும் குமட்டலும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மருதமலைப் படியை எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் தொடை பழகும், உயரம் பழகாது.

அதனால் குல்மார்க் போனால் இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள் என்பேன். கொங்டூரிக்குக் கீழே மரங்களுக்கு இடையிலும் புல்வெளிகளிலும், 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் ஏற ஸ்கீக்கு அடியில் ஒட்டும் பட்டை) ஒட்டி ஏறி இறங்கலாம். அங்கேயும் மேலிருந்து பனிச்சரிவு வந்து விழக்கூடிய ஓடைப்பாதைகளின் வாயில் நிற்கக் கூடாது.

உத்தரகாண்டின் அவுலி கதை வேறு. சறுக்குச் சரிவு ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டருக்குள். மேலே காடு தாண்டி மூன்று கிலோமீட்டர் ஏறினால் கோர்சன் புக்யால், அதாவது மலைப் புல்வெளி. எதிரே நந்தா தேவி. அடியில் புல் என்பதால் முழங்கால் அளவுப் பனி இருந்தாலே ஸ்கீ ஓடும்; பாறை உரசி அடித்தட்டு கிழியும் பயம் குறைவு. பரந்த வெளியில் சாய்வும் மெதுவானது. முதல் தடவை சொந்தமாக ஏறப்போகிறவர்களுக்கு மூன்றில் இதுவே நல்ல நிலம். குறை என்னவென்றால், உயரம் குறைவு, டிசம்பரில் வெறும் புல்லாகவே கிடக்கவும் வாய்ப்பு உண்டு. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகச் செயற்கைப் பனி இயந்திரமே வாங்கி வைத்த இடம் இது. கீழே இருக்கும் ஜோஷிமத் ஊரில் நிலம் புதைந்ததால், அங்கிருந்து அவுலிக்கு ஏறும் ரோப்கார் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. சாலை வழி போவதாகவே திட்டம் போடுங்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத்துக்கே சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. போகவர ரெண்டு நாள் கழிந்தால் லீவில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மணாலியைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் சோலாங் சறுக்குச் சரிவு தாழ்வானது, ஹாம்தா கணவாய்ப் பக்கம் உருண்டைக் கற்கள். மெல்லிய பனி அவற்றை மறைக்கும், மூடாது. கணுக்காலும் முழங்காலும் போவது அப்படித்தான். 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வழியாக மலைக்கு அந்தப்புறம் சிஸ்ஸு கிராமத்துக்குப் போனால் உயரம் கிடைக்கும், ஆனால் தலைக்கு மேலே பனிச்சரிவு கிளம்பக்கூடிய பெரிய மலைச்சரிவுகள். போதாக்குறைக்கு, 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஆயிரம் வண்டி அளவுக்குப் பனியில் மாட்டிக்கொண்டன. டிசம்பருக்கு எனக்கு இது வேண்டாம்.

பொங்கலுக்குத் தள்ளிப்போட்டால் நிலைமை பெரும்பாலும் தேவலாம், உத்தரவாதம் மட்டும் இல்லை. 2024-ல் பொங்கல் முடிந்தும் குல்மார்க் காய்ந்துதான் கிடந்தது. பெரும்பனி ஜனவரி கடைசியில்தான் வந்தது. இப்படி நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரென்று பெரும்பனி கொட்டும் வாரம்தான் மேலே சொன்ன அஸ்காப் பனிக்குச் சரியான சோதனை. அந்த வாரம் ஊருக்குள்ளேயே இருப்பது நல்லது.

என் தேர்வு: டிசம்பர் என்றால் குல்மார்க்கின் கீழ்ப்பகுதி. பொங்கலுக்கு ஒரு வாரம் முழுசாகக் கிடைத்தால் அவுலி.

எங்கே போனாலும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒரு செட். குழுவுக்கு ஒன்று என்று வாங்கினால், அதை வைத்திருப்பவர் புதைந்தால் யார் தேடுவது? முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் சண்டிகர் ஆய்வகம் தரும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் காலையில் பாருங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம்; ஏறும்போது குடித்த வியர்வையை இறங்கும்போது குளிராகத் திருப்பிக் கொடுக்கும். பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடையைத் திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சக் கடைகளில் தேடினாலே கிடைக்கும், டெல்லியில் போய் மூன்று மடங்கு விலை தர வேண்டாம். குல்மார்க் போகிறவர்கள் குழுவில் ரெண்டு பேராவது போஸ்ட்பெய்டு சிம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஸ்ரீநகரில் இறங்கியதும் செத்துவிடும்.